அரைச் சக்கரத்தின் கணக்கு
அந்நியச் செலாவணி வணிகம் பற்றி நம் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்



நான் பொருளாதாரம் படித்தவன் அல்லன். பொறியியல் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் இருப்புப்பாதைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்போது இருப்பது பாறசாலை பக்கம். இங்கிருந்து தெற்கே புறப்படும் வண்டி சில நிமிடங்களில் கேரளத்தைக் கடந்து குழித்துறையை அடைந்துவிடும். எங்கள் நெய்யாற்றின்கரை தாலுகாவின் எல்லைக் கிராமங்களில் வீட்டுக்குள் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுகிற குடும்பங்கள் பல. வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். ஆகவே காலையில் பத்திரிகையைப் பிரித்ததும் டாலர் விலையைப் பார்க்கிற வழக்கம் இங்கே சாதாரணம்.

சென்ற விடுமுறைக்கு ஷார்ஜாவிலிருந்து வந்த என் தங்கை மகன் ஒரு மாலையில் கைப்பேசியோடு திண்ணையில் வந்து உட்கார்ந்தான். "மாமா, நீங்க கணக்கு தெரிஞ்ச ஆளு. இதைக் கொஞ்சம் பாருங்க" என்றான். டாலர், யூரோ என்று எண்கள் பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்தன. நண்பர் ஒருவர் சொல்லி 3,000 திர்ஹாம் போட்டிருக்கிறான். திரையில் அது 5,200 ஆகிவிட்டது. மாதம் பத்து சதவீதம் நிச்சயம் என்று வகுப்பு எடுத்தவர் சொன்னாராம். மகளின் கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்த பன்னிரண்டு லட்சம் ரூபாயையும் அதில் போட்டுவிடலாமா என்பதுதான் அவன் கேள்வி.

அன்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சக்கரமும் ரூபாயும்

நாணயமாற்று எங்கள் ஊருக்குப் புதிதல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்குச் சொந்த நாணயம் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம், அதாவது 28 சக்கரம், ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். அன்று எல்லை களியக்காவிளையில் இல்லை. கன்னியாகுமரி மாவட்டமாகி 1956 நவம்பர் 1-ல் பிரிந்து போன நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூரில்தான் இருந்தன. திருநெல்வேலிச் சீமைக்குப் போகிறவர் ஆரல்வாய்மொழியில்தான் எல்லையைக் கடந்தார்.

இரண்டுக்கும் பெயர் ரூபாய்தான். வித்தியாசம் அரைச் சக்கரம், வெறும் எட்டுக் காசு. ஆனால் ஆயிரம் பிரிட்டிஷ் ரூபாய்க்குக் கணக்குப் போட்டால் 28,500 சக்கரம் வரும். திருவிதாங்கூர்க் கணக்கில் அது 1,017 ரூபாய் 6 பணம். "ரூபாய்க்கு ரூபாய் சரி" என்று எண்ணிக் கொடுத்தவர், ஆயிரத்துக்குப் பதினேழு ரூபாய்க்கு மேல் தெரியாமலே இழந்திருப்பார். 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்த பிறகு சக்கரம் மறைந்து இந்திய ரூபாயே நிலைத்தது. ஆனால் அரைச் சக்கரத்தின் பாடம் மறையவில்லை. ஒரு நாணயத்தில் சம்பாதித்து இன்னொரு நாணயத்தில் செலவு செய்கிறவர் எவரும் ஏற்கெனவே நாணய வணிகத்தில்தான் இருக்கிறார். அதன் கணக்கைத் தெரிந்துகொண்டு இருக்கிறாரா, தெரியாமல் இருக்கிறாரா என்பதே கேள்வி.

விலை எப்படி நகர்கிறது?

நாணயத்தைத் தனியாக வாங்க முடியாது. ஒன்றைக் கொடுத்து மற்றொன்றை வாங்குகிறோம். எனவே விலை எப்போதும் ஜோடியாகவே சொல்லப்படும். வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை ஒன்று. இடையில் உள்ள வித்தியாசம் வியாபாரியின் கூலி. அதுதான் அன்றைய அரைச் சக்கரத்தின் இன்றைய வடிவம்.

சில நாணயங்கள் இன்னொன்றோடு கட்டிவைக்கப்பட்டவை. அமீரகத்தின் திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்றும், சவுதி ரியால் 1986 முதல் 3.75 என்றும் நிற்கின்றன. ஆகவே டாலர் 85 ரூபாய் என்றால், திர்ஹாம் 85-ஐ 3.6725-ஆல் வகுத்து வருகிற 23 ரூபாய் 14 காசு. திர்ஹாம் ஏறிவிட்டது என்று நாம் சொல்வது, உண்மையில் டாலருக்கு எதிராக ரூபாய் இறங்கியதைத்தான்.

ரூபாயின் கதை வேறு. 1966 ஜூனில் அரசே டாலருக்கு 4.76-லிருந்து 7.50 ஆக மதிப்பைக் குறைத்தது. 1991 ஜூலையில் மறுபடியும் இரண்டு தவணையாகக் குறைக்கப்பட்டு, டாலர் 26 ரூபாயை ஒட்டி வந்தது. 1993 முதல் விலையைச் சந்தை தீர்மானிக்கிறது. தேவைப்படும்போது ரிசர்வ் வங்கி இறங்கித் தாங்கிப் பிடிக்கும். 2024 டிசம்பரில் டாலர் 85-ஐத் தொட்டது. 1991-லிருந்து கூட்டிப் பார்த்தால் டாலர் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை சதவீதம் ஏறியிருக்கிறது. விலைவாசி, வட்டி விகிதம், எண்ணெய் இறக்குமதிச் செலவு, அந்நிய முதலீடு வருவதும் போவதும் எல்லாம் சேர்ந்து இதைத் தீர்மானிக்கின்றன.

நீண்ட காலப் போக்கு தெரிந்துவிட்டது, இனி லாபம்தானே என்று நினைக்க வேண்டாம். 2013 ஆகஸ்ட் 28-ல் டாலர் 68 ரூபாய் 80 காசு வரை போயிற்று. எழுபதைத் தொடட்டும் என்று காத்திருந்தவர்கள், ஆண்டு முடிவில் அது 62-க்கு அருகில் வந்து நின்றதைப் பார்த்தார்கள்.

கடப்பாரையின் குணம்

2025 ஏப்ரலில் எடுத்த கணக்குப்படி உலக நாணயச் சந்தையில் ஒரு நாளில் கைமாறுவது ஏறத்தாழ 9.6 லட்சம் கோடி டாலர். பெரும் வங்கிகளும் நிறுவனங்களும் நடத்துகிற சந்தை அது. சிறு முதலோடு அங்கே நுழைகிறவருக்குத் தரகு நிறுவனம் ஒரு கருவியைக் கொடுக்கிறது. அதற்குப் பெயர் லீவரேஜ், தமிழில் நெம்புகோல்.

தண்டவாளத்தைக் கடப்பாரையால் நெம்பி நகர்த்துகிற கேங்மேன்களோடு முப்பது வருடத்துக்கு மேல் நின்றவன் நான். ஒரு மனிதன் தூக்க முடியாத பாரத்தைக் கடப்பாரை நகர்த்தும். பிடி நழுவினால் அதே வேகத்தில் திருப்பி அடிக்கும். நூறு மடங்கு லீவரேஜ் என்றால் 1,000 டாலரை ஈடாக வைத்து ஒரு லட்சம் டாலர் மதிப்புக்கு வணிகம் செய்யலாம். விலை ஒரு சதவீதம் சாதகமாக நகர்ந்தால் பணம் இரட்டிப்பு. பாதகமாக நகர்ந்தால் பணம் காலி. ஐந்நூறு மடங்கு என்றால் காலியாவதற்கு 0.2 சதவீதம் போதும். யூரோ, டாலர் ஜோடி ஒரே நாளில் அரை சதவீதம் ஏறி இறங்குவது சாதாரணம். காலையில் போட்ட பணம் மதியச் சாப்பாட்டுக்குள் போய்விடும்.

நஷ்டம் குறிப்பிட்ட எல்லையைத் தொட்டால் தானாக வெளியேறும் ஏற்பாடு உண்டு. 'ஸ்டாப் லாஸ்' என்பார்கள். அது அவசியம். ஆனால் சிக்னல் சிவப்பானாலும் வண்டி அதே இடத்தில் நின்றுவிடாது, ஓடி நிற்கத் தூரம் வேண்டும் என்பது ரயில்வேக்காரனுக்குத் தெரியும். 2015 ஜனவரி 15 அன்று சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி, ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகாமல் தான் பிடித்து வைத்திருந்த எல்லையைத் திடீரெனக் கைவிட்டது. சில நிமிடங்களில் விலை பாதாளத்துக்குப் போயிற்று. இடையில் வாங்க ஆள் இல்லாததால் பல ஸ்டாப் லாஸ்கள் சொன்ன விலையில் வேலை செய்யவில்லை. அல்பாரி நிறுவனத்தின் லண்டன் கிளை திவாலானது. எஃப்.எக்ஸ்.சி.எம். நிறுவனம் 30 கோடி டாலர் கடன் வாங்கித்தான் தப்பியது. தரகர்களே தடுமாறிய நாள் அது.

நோட்டுப் புத்தகத்தில் நான் கற்றது

ஓய்வு பெற்ற புதிதில் எனக்கும் இந்த ஆசை வந்தது. ஆனால் பணம் போடவில்லை. ஆறு மாதம் நாற்பது பக்க நோட்டில் கற்பனையாக வணிகம் செய்தேன். கற்பனை முதல் 1,000 டாலர். விலையின் மிகச் சிறிய நகர்வுக்குப் 'பிப்' என்று பெயர். பிப்புக்கு ஒரு டாலர் என்று வைத்துக்கொண்டேன். மொத்தம் 62 தடவை. 35-ல் ஜெயம், 27-ல் தோல்வி. பாதிக்கு மேல் ஜெயம் அல்லவா? ஆனால் கூட்டிப் பார்த்தால் 380 டாலர் நஷ்டம். ஜெயித்தபோது லாபம் கைவிட்டுப் போகுமோ என்ற பயத்தில் சராசரியாக 20 பிப்பில் வெளியே வந்திருக்கிறேன். தோற்றபோது விலை திரும்பும், திரும்பும் என்று 40 பிப் வரை உட்கார்ந்திருக்கிறேன். காகிதப் பணத்திலேயே மனம் இப்படி என்றால், சொந்தப் பணத்தில் எப்படி இருக்கும்?

அனுபவசாலிகள் சொல்லும் உத்திகள் எல்லாம் இந்த மனத்தைக் கட்டத்தான். ஒரு தடவையில் முதலில் ஒரு சதவீதத்துக்கு மேல் இழக்காதே என்பார்கள். 1,000 டாலர் உள்ளவர் 10 டாலர்தான் இழக்கலாம். 50 பிப் தள்ளி ஸ்டாப் லாஸ் வைத்தால் பிப்புக்கு 20 சென்ட் வரும். யூரோ, டாலர் ஜோடியில் அதற்கேற்ற அளவு 2,000 யூரோவுக்கான சிறு வணிகம் மட்டுமே. பாதி முதலை இழந்தவர் பழைய நிலைக்கு வர நூறு சதவீதம் லாபம் வேண்டும் என்பதை நினைத்தால் இதன் அருமை புரியும். இப்படி நடந்தால் பெரும் பணம் வராது. அடியோடு அழியவும் மாட்டார். 2018-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கண்காணிப்பு அமைப்பு, லீவரேஜோடு நடக்கும் இப்படிப்பட்ட வணிகத்தில் சிறு முதலீட்டாளர் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நஷ்டமடைகின்றன என்று கண்டு, முக்கிய நாணய ஜோடிகளுக்கு லீவரேஜை 30 மடங்குக்குள் கட்டுப்படுத்தியது.

சட்டம் சொல்வது

இந்தியாவில் வசிப்பவர்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும். 2000 ஜூன் முதல் நடப்பில் உள்ள அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின்படி, ரிசர்வ் வங்கி அனுமதித்த இடங்களில், அனுமதித்த காரியங்களுக்கு மட்டுமே இந்த வணிகம் செய்யலாம். வெளிநாட்டுத் தளங்களுக்கு ஈட்டுப் பணம் அனுப்ப அனுமதி இல்லை. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். அனுமதியில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு வெளியிட்டு, பிறகு நீட்டியும் வருகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் மட்டும் ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது.

தேசியப் பங்குச் சந்தையில் 2008 ஆகஸ்ட் 29 முதல் டாலர், ரூபாய் முன்பேர வணிகம் நடக்கிறது. ஆனால் 2024 மே 3-லிருந்து, உண்மையான அந்நியச் செலாவணி வரவோ செலவோ உள்ளவர்தான் அதில் ஈடுபடலாம் என்பது கண்டிப்பாக்கப்பட்டுள்ளது. வெளிநாட்டில் வசிப்பவர்கள் அந்தந்த நாட்டு உரிமத்தைப் பார்க்க வேண்டும்.

நமக்கு ஏற்ற உத்திகள்

நம் குடும்பங்களுக்கு உண்மையில் பயன்படுகிற நாணய உத்திகள் எளியவை.

ஒன்று, பணம் அனுப்பும்போது கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். சந்தை விலை 23.14 ஆக இருந்து, உங்களுக்குக் கிடைப்பது 23.00 என்றால், 5,000 திர்ஹாமுக்கு 700 ரூபாய் சத்தமில்லாமல் போகிறது. "கட்டணம் இல்லை" என்ற பலகைக்குப் பின்னால் அரைச் சக்கரம் ஒளிந்திருக்கும்.

இரண்டு, உச்ச விலைக்குக் காத்திருக்க வேண்டாம். மாதாமாதம் அனுப்பினால் நல்ல விலையும் மோசமான விலையும் கலந்து சராசரி கிடைக்கும். பெரிய தொகையை மூன்று நான்கு தவணையாக அனுப்பலாம். கடன் வாங்கி அனுப்புவது கூடாது.

மூன்று, செலவாகப் போகிற நாணயத்திலேயே சேமிப்பை வையுங்கள். ஊரில் வீடும் கல்யாணமும் என்றால் ரூபாயில் என்.ஆர்.இ. கணக்கு. பிள்ளைகளின் வெளிநாட்டுப் படிப்பு என்றால் எஃப்.சி.என்.ஆர். வைப்பு, ஒன்று முதல் ஐந்து ஆண்டுக்கு வெளிநாட்டு நாணயத்திலேயே இருக்கும், மாற்று விலையின் கவலை இல்லை. ரூபாய் வட்டி அதிகமாகத் தெரிந்தாலும், ஆண்டுக்கு மூன்றரை சதவீதச் சரிவைக் கழித்துப் பார்த்த பிறகே இரண்டையும் ஒப்பிட வேண்டும்.

திண்ணையில் முடிந்த கதை

மருமகனிடம் ஒரு காகிதத்தைக் கொடுத்து, மாதம் பத்து சதவீதம் என்றால் ஒரு லட்சம் ஐந்து வருடத்தில் என்ன ஆகும், போட்டுப் பார் என்றேன். மூன்று கோடியைத் தாண்டியது. பத்து வருடத்துக்குப் போட்டான். தொள்ளாயிரம் கோடியைத் தாண்டியது. இதை உண்மையாகச் செய்யத் தெரிந்தவர் ஓட்டல் ஹாலை வாடகைக்கு எடுத்து நமக்கு வகுப்பு எடுப்பாரா என்று கேட்டேன். அவன் சிரித்தான், ஆனால் முழுதாக நம்பவில்லை.

"மக்கா, இதுலேருந்து பணம் எடுத்துப் பாத்தியா?" என்றேன்.

"இல்ல மாமா."

"அப்போ 500 திர்ஹாம் எடு. வரட்டும், பிறகு பேசுவோம்."

மறுநாள் காலை வந்தான். முகம் வாடியிருந்தது. பணத்தை எடுக்க வேண்டுமானால் முதலில் 1,100 திர்ஹாம் வரி கட்ட வேண்டும் என்று பதில் வந்திருந்தது. அடுத்த மாலை கணக்கே திறக்கவில்லை. 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் கொடுத்தோம். இதுவரை பணம் திரும்பவில்லை. திரையில் ஏறிய 2,200 கற்பனை. போட்ட 3,000 மட்டும் நிஜம்.

ஆனால் பன்னிரண்டு லட்சம் வங்கியில் அப்படியே இருக்கிறது. தங்கையிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் மறைத்துச் செய்யும் வணிகம்தான் முழுக் குடும்பத்தையும் கவிழ்க்கும் என்று சொல்லி, அவனே போய்ச் சொல்லும்படி செய்தேன். சொல்லிவிட்டு வந்த பிறகுதான் அன்று அவன் சாப்பிட்டான்.

வாசகர்களே, கற்பதில் தவறில்லை. நோட்டுப் புத்தகத்தில் ஆறு மாதம் எழுதிப் பாருங்கள்; உங்கள் மனம் உங்களுக்குத் தெரியவரும். அதுவரை, அனுப்புகிற ஒவ்வொரு தொகையிலும் அந்த அரைச் சக்கரத்தைத் தவறவிடாதீர்கள். யாரோ சொல்லும் பத்து சதவீதத்தைவிட அது நிச்சயமான லாபம்.