கோடைக்கு ஓர் உபாத்தியாயர்

சித்திரை பிறக்கிற சமயத்தில் காலையில் தினசரிப் பத்திரிகையைப் பிரித்தால், செய்திகளுக்கு முன்னால் துண்டுப் பிரசுரங்கள்தான் மடியில் வந்து விழுகின்றன. முப்பதே நாட்களில் ஆங்கிலம் பேச வைப்பதாகச் சொல்கிறது ஒன்று. அடுத்த வகுப்புக் கணக்குப் புஸ்தகத்தைப் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடித்துத் தருவதாக வாக்களிக்கிறது மற்றொன்று. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தாலோ, அதே வாக்குறுதிகள் அங்கே படமாக ஆடுகின்றன. பரீக்ஷை முடிந்த சந்தோஷத்தில் பையன் தெருவில் பந்து விளையாடிக் கொண்டிருக்கிறான். வீட்டுக்குள் தாயாரும் தகப்பனாரும் அவனுடைய விடுமுறையைப் பற்றி மந்திராலோசனை நடத்துகிறார்கள்.

அந்த ஆலோசனை பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் முடிகிறது. அடுத்த வீட்டுக் குழந்தை எங்கே போகிறதோ அங்கேயே இவனையும் சேர்த்துவிடுவது என்று தீர்மானமாகிறது. ஒரு புடவை வாங்குவதற்கு நாலு கடை ஏறி இறங்கி, கரையையும் இழையையும் தடவிப் பார்க்கிற நாம், ஒரு குழந்தையின் கோடைக்காலம் முழுவதையும் இவ்வளவு சுலபமாக ஒப்படைத்து விடுகிறோம். டியூஷன் வைப்பதா, வேண்டாமா என்பதைக் காட்டிலும் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. குழந்தைக்கு எது வரவில்லை? அதைத் தெரிந்துகொள்ளாமல் உபாத்தியாயரைத் தேடுவது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்துக் கடைக்குப் போவதற்கு ஒப்பாகும்.

விடுமுறை மறதி

விடுமுறையில் குழந்தைகள் படித்ததை மறந்துவிடுகிறார்கள் என்பது பழைய கவலை. அமெரிக்காவில் 1906-ஆம் வருஷத்திலேயே இதைப் பற்றி ஆராயத் தொடங்கிவிட்டார்கள். 1996-இல் ஹாரிஸ் கூப்பர் என்னும் அறிஞரும் அவருடைய சகாக்களும் முப்பத்தொன்பது ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, கோடை விடுமுறையில் சராசரியாக ஒரு மாதப் படிப்பு கைநழுவிப் போவதாகவும், வாசிப்பைவிடக் கணக்கில்தான் இழப்பு அதிகம் என்றும் கூறினார்கள். இதற்குக் காரணம் ஊகிக்கக் கூடியதே. விடுமுறையிலும் கடைப் பலகையையும் கதைப் புஸ்தகத்தையும் குழந்தை வாசிக்கிறது; பின்னக் கணக்கு மட்டும் தெருவில் எதிர்ப்படுவதில்லை.

ஆனால், பிற்காலத்து ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கணக்கையே சந்தேகிக்கிறார்கள். பரீக்ஷை வினாக்களை அமைக்கும் முறையை மாற்றினால் இழப்பின் அளவும் மாறிவிடுகிறது என்று 2019-இல் பால் வான் ஹிப்பல் என்பவர் எடுத்துக் காட்டினார். ஆகவே, "விடுமுறையில் எல்லாம் மறந்துவிடும்" என்று பயமுறுத்தும் விளம்பரத்தைக் கண்டு பணப்பையைத் திறக்க வேண்டியதில்லை. மறந்தது கொஞ்சமாயின், பள்ளி திறந்ததும் திரும்பி வந்துவிடும். கவலைப்பட வேண்டியது குழந்தை மறந்ததைப் பற்றியல்ல. ஒருபொழுதும் சரியாகக் கற்றுக்கொள்ளாததைப் பற்றி.

52-லிருந்து 27 போனால்

ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழிக்கச் சொல்லிப் பாருங்கள். சில குழந்தைகள் 35 என்று எழுதும். கவனக் குறைவு என்று நாம் கோபித்துக் கொள்கிறோம். உண்மையில் அந்தக் குழந்தை மிகுந்த கவனத்துடன்தான் கணக்குப் போட்டிருக்கிறது. "பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும்" என்று எப்பொழுதோ சொல்லிக் கொடுத்ததை அது வேதவாக்காகக் கொண்டு, ஏழிலிருந்து இரண்டையும், ஐந்திலிருந்து இரண்டையும் கழித்திருக்கிறது. பத்தைக் கடன் வாங்குவது என்றால் என்னவென்று அதற்கு விளங்கவே இல்லை.

இந்தக் குழந்தையை அடுத்த வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே நடத்தும் இடத்தில் சேர்த்தால் என்ன ஆகும்? அங்கே வகுத்தலும் தசமமும் நடக்கும். வகுத்தலின் ஒவ்வொரு படியிலும் கழித்தல் வருகிறது. குழந்தை ஒவ்வொரு படியிலும் தவறும். தன்னைச் சுற்றியிருக்கும் இருபது பேர் தலையாட்டுவதைப் பார்த்துத் தானும் தலையாட்டும். இரண்டு வருஷம் கழித்து, "எனக்குக் கணக்கு வராது" என்று அதுவே தீர்ப்புச் சொல்லிவிடும். அந்தத் தீர்ப்பை மாற்றுவது எவ்வளவு கடினம் என்பது உபாத்தியாயர்களுக்குத் தெரியும். டியூஷனில் பணம் போவது பெரிய நஷ்டமல்ல. இப்படித் தன்னம்பிக்கை போவதுதான் பெரிய நஷ்டம்.

பத்து நிமிஷப் பரீக்ஷை

குழந்தையின் நிலையை அறிய நிபுணர்கள் தேவையில்லை. 2005-ஆம் வருஷம் முதல் நம் நாட்டுக் கிராமங்களில் நடத்தப்பட்டு வரும் 'அஸர்' என்னும் கணக்கெடுப்பில் ஓர் எளிய முறையைக் கையாளுகிறார்கள். தொண்டர்கள் வீட்டுக்கே சென்று, ஐந்து முதல் பதினாறு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்கிறார்கள். எழுத்துக்கள், சொற்கள், முதல் வகுப்பு அளவில் ஒரு பத்தி, இரண்டாம் வகுப்பு அளவில் ஒரு சிறு கதை என்பவையே அதன் படிகள். கணக்கிலும் இவ்வாறே: எண்களை அடையாளம் காணுதல், கடன் வாங்கிக் கழித்தல், மூன்று இலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தல்.

இதையே நம் வீட்டுக் கூடத்திலும் செய்யலாம். குழந்தையின் இவ்வருஷத்துப் புஸ்தகத்தை எடுக்காமல், அதற்கு இரண்டு வகுப்பு முந்தைய புஸ்தகத்திலிருந்து தொடங்குங்கள். விடையை மட்டும் பாராமல், "எப்படிச் செய்தாய், சொல்லு பார்க்கலாம்" என்று கேளுங்கள். கோபம் மட்டும் கூடாது. எந்தப் படியில் குழந்தை தயங்குகிறதோ, அதுதான் கோடைக்காலப் பாடம்.

பீஹாரிலும் தமிழ்நாட்டிலும்

நிலை அறிந்து கற்பிப்பதன் பலனைப் பற்றி நம் தேசத்திலேயே நல்ல சான்றுகள் உள்ளன. 2008-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், பீஹார் ஸர்க்கார் பள்ளிகளில் 'பிரதம்' என்னும் ஸ்தாபனத்தின் முறைப்படி ஒரு மாதக் கோடை முகாம் நடந்தது. கற்பித்தவர்கள் அந்த ஸர்க்கார் பள்ளி ஆசிரியர்களே. வகுப்பு வாரியாக அல்லாமல் குழந்தையின் நிலைக்குத் தக்கபடி அடிப்படை வாசிப்பும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். குழந்தைகள் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் அடைந்தார்கள். பயிற்சியும் புஸ்தகமும் மட்டும் கொடுத்துப் பள்ளி நாட்களில் விட்டபோது இந்தப் பலன் கிட்டவில்லை. கோடையில் அவர்களைப் பாடத்திட்டம் பின்னாலிருந்து துரத்தவில்லை என்பதே வித்தியாசம். இந்த முயற்சிகளை ஆராய்ந்த அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ ஆகிய இருவருக்கும் 2019-இல் மைக்கேல் கிரெமருடன் சேர்த்துப் பொருளாதார நோபல் பரிசு அளிக்கப்பட்டது.

தமிழ்நாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. கொரோனாத் தொற்றினால் பள்ளிகள் நெடுங்காலம் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. அந்தந்த ஊர்த் தொண்டர்களே மாலை வேளைகளில் சிறு குழுக்களுக்குக் கற்பித்தார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைப் பரிசோதித்த ஓர் ஆராய்ச்சியின்படி, இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு, பள்ளிகள் திறந்த ஆறு மாதத்துக்குள் ஈடாகிவிட்டது. அந்த ஈட்டில் ஏறத்தாழ கால் பங்குக்கு இந்த மாலை வகுப்புகளே காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கணித்தார்கள். குளிர்சாதன அறையோ, வர்ணப் பிரசுரமோ இல்லாமல், அடுத்த தெருப் பெண்மணி ஒருத்தி திண்ணையில் உட்கார்ந்து செய்யக்கூடிய காரியம் இது!

உபாத்தியாயரிடம் கேட்க வேண்டியவை

ஆகவே, யாரிடம் குழந்தையை ஒப்படைப்பதாயினும் சில கேள்விகளைத் தயங்காமல் கேட்க வேண்டும்.

முதலாவது, "பாடம் தொடங்குமுன் குழந்தையின் நிலையைப் பரிசோதிப்பீர்களா?" எல்லோருக்கும் ஒரே புஸ்தகம், ஒரே முதல் பக்கம் என்று பதில் வந்தால், நமஸ்காரம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

இரண்டாவது, "ஒரு சமயத்தில் எத்தனை பேர்?" ஒருவரிலிருந்து நால்வர் வரை உத்தமம். முப்பது பேர் உட்கார்ந்தால் அது இன்னொரு பள்ளிக்கூடமே. விடுமுறையில் அது எதற்கு?

மூன்றாவது, "வாரத்தில் எத்தனை நாள்? தினமும் அதே ஆசிரியர்தானா?" டியூஷனைப் பற்றிய 96 பரிசோதனைகளைத் திரட்டி 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, டியூஷனால் நல்ல பலன் உண்டென்றும், பயிற்சி பெற்றவர்கள் கற்பிக்கும்போது அது அதிகமென்றும் கண்டது. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் அடைத்து வைப்பதைவிட, வாரத்தில் நாலு நாள் முக்கால் மணி நேரம் மேலானது. இடைவெளி விட்டுத் திரும்பப் படிப்பதே மனத்தில் தங்குகிறது.

நான்காவது, "முன்னேற்றத்தை நாங்கள் எப்படி அறிவது?" மதிப்பெண் பட்டியலைக் காட்டிலும், முன்பு தயங்கிய அதே கணக்கை வீட்டில் குழந்தை விளக்கிச் சொல்வது நல்ல அத்தாட்சி.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி நிலையங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. ஐம்பது பேருக்கு மேல் சேர்க்கும் அத்தகைய நிலையங்கள் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது, பொய் வாக்குறுதி அளிக்கக் கூடாது, மாணவர் இடையில் நின்றால் மிச்சக் காலத்துக்குரிய கட்டணத்தைப் பத்து நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்பவை அதில் அடங்கும். எனவே, ரசீது இல்லாமல் பணம் கொடுப்பதும், சேர்ந்த அன்றே முழுத் தொகையையும் கட்டுவதும் விவேகமல்ல. பையனுடைய பள்ளி ஆசிரியரையே டியூஷன் சொல்லித் தரக் கேட்பதும் கூடாது. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு அதைத் தடை செய்கிறது.

டியூஷன் வேண்டாத குழந்தைகள்

வீட்டுப் பரீக்ஷையில் குழந்தை தயங்காமல் தேறிவிட்டதானால், விடுமுறையை அதற்கே விட்டுவிடுங்கள். அதற்கு வேண்டியது புஸ்தகம்தான். அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்கு, அவர்களே தேர்ந்தெடுத்த பன்னிரண்டு புஸ்தகங்களை ஒவ்வொரு கோடையிலும் கொடுத்து, மூன்று வருஷம் கவனித்தார்கள். கோடைப் பள்ளிக்குப் போனால் கிடைக்கும் அளவு வாசிப்பு முன்னேற்றம் அவர்களிடம் காணப்பட்டது. இங்கே முக்கியமான வார்த்தை 'அவர்களே தேர்ந்தெடுத்த' என்பதாகும். சுதந்திர இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றியது 1948-ஆம் வருஷத்துச் சென்னை மாகாணம். அந்தச் சட்டத்தின் பயனாக ஊர்தோறும் நூலகங்கள் எழுந்தன. அவற்றின் வாசற்படியை நம் குழந்தைகள் மிதிக்காதிருந்தால் குற்றம் யாருடையது?

கடைசியாக, எல்லா விசாரணையும் முடித்துச் சேர்த்த பிறகும், பத்து நாள் கழித்து ஒரு சாட்சியை விசாரிக்க வேண்டும். அந்தச் சாட்சி குழந்தைதான். "பாடம் முடிந்ததா?" என்று கேட்காதீர்கள். "புரியாததை அங்கே கேட்க முடிகிறதா?" என்று கேளுங்கள். "கேட்டேன், திரும்பவும் சொல்லிக் கொடுத்தார்" என்று குழந்தை சொன்னால், கட்டணம் குறைவோ கூடவோ, நல்ல உபாத்தியாயர் கிடைத்துவிட்டார் என்று நிம்மதி அடையலாம். பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டால், கட்டிய பணத்தைப் பாராமல் மறுநாளே குழந்தையை அழைத்துக்கொண்டு வந்துவிடுங்கள். கட்டணத்தை இன்னொரு மாதம் சம்பாதித்துக் கொள்ளலாம். தன்னால் முடியும் என்ற எண்ணத்தை ஒரு குழந்தை இழந்துவிட்டால், அதை எந்தக் கோடையில் வாங்கிக் கொடுப்பது?