முதல் ஆட்டம் வென்றாச்சு, இனி?

தோற்ற அணியின் ஆட்கள் சீக்கிரம் பஸ் ஏறிவிடுவார்கள். வென்ற அணியின் ஆட்கள்தான் இருட்டும்வரை நகர மாட்டார்கள். வலப்பனைக் கல்வி வலயத்தில் பாடசாலை உதைபந்தாட்டம் தொடங்கும் நாட்களில் இராகலையிலோ உடப்புசல்லாவையிலோ நின்று பார்த்தால் இது தெரியும். முதல் ஆட்டத்தில் ஜெயித்த பாடசாலையின் பழைய மாணவர்கள், தோட்டத்து இளைஞர்கள், கொழும்பில் கடை வேலையிலிருந்து லீவில் வந்தவர்கள் எல்லாரும் ஒரு தேத்தண்ணிக் கடையை நிறைத்துக்கொண்டு நிற்பார்கள். ‘மூணு கோல் போட்டாச்சு, இன்னும் என்னாங்க வேணும்?’ என்பது ஒரு பக்கம். ‘அதுல ரெண்டு அவங்க கோலி நழுவவிட்டது. நம்ம ஆட்டத்துல வந்த கோல் எத்தனை, அதைச் சொல்லுங்க’ என்பது மறுபக்கம். கடைக்காரர் பலகை போட்டுச் சாத்தும்போதும் அந்தக் கேள்விக்கு முடிவு வந்திருக்காது.

ஜெயித்த அன்றைக்குக் கூடவா குறை பிடிப்பது என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஆனால் ஆட்டத்தை அலசுவதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. தோற்றால் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பயிற்றுவிக்கும் சேர் முதல் மாற்று வீரன் வரை எல்லாரும் மறுநாளே காரணம் தேடத் தொடங்கிவிடுவார்கள். ஜெயித்தால் அந்தத் தேடல் நின்றுபோகிறது. அணிக்குள் நின்றுபோன தேடலை வெளியே நிற்கும் ரசிகர்கள் தொடர்கிறார்கள் என்றால் அது அணிக்கு லாபம்தான்.

உதைபந்தாட்டத்தில் கோல் அரிதாக விழுவது. தொண்ணூறு நிமிடத்தில் இரண்டோ மூன்றோ விழும் விளையாட்டில் ஒரு ஆட்டத்தின் முடிவை வைத்து ஒரு அணியை எடைபோட முடியாது. பந்து கம்பத்தில் பட்டு உள்ளே போவதற்கும் வெளியே போவதற்கும் இடையில் ஓர் அங்குலம்தான் இருக்கும். இதற்குப் பெரிய சாட்சி 2022 கத்தார் உலகக் கிண்ணம். நவம்பர் 22ஆம் திகதி ஆர்ஜென்டினா தன் முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவிடம் 1-2 எனத் தோற்றது. 36 ஆட்டங்களாகத் தோல்வியே காணாமல் வந்த அணி அது. மறுநாள் ஸ்பெயின் கொஸ்டாரிக்காவை 7-0 என நொறுக்கியது. கொஸ்டாரிக்கா கோலை நோக்கி ஒரு தடவைகூட உதைக்கவில்லை. அந்த இரண்டு நாளில் பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் உலகமே ஸ்பெயின் பக்கம் சாய்ந்திருக்கும்.

நடந்தது வேறு. ஏழு கோல் வாங்கிய கொஸ்டாரிக்கா நான்கு நாள் கழித்து ஜப்பானை 1-0 என வென்றது. அந்த ஜப்பான் ஸ்பெயினை 2-1 என வீழ்த்தியது. அடுத்த சுற்றில் மொரோக்கோவுக்கு எதிராக ஸ்பெயின் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாஸ்களைக் கொடுத்தும் 120 நிமிடத்தில் ஒரு கோல் போட முடியவில்லை; தண்ட உதையில் மூன்று வாய்ப்பையும் தவறவிட்டு வீடு திரும்பியது. பந்தை வைத்துக்கொண்டிருக்கும் அணிக்குக் கோல் வாயில் கூர்மை இருக்கிறதா என்ற கேள்வியை அந்த ஏழு கோல்கள் மூடி மறைத்துவிட்டன.

ஆர்ஜென்டினா என்ன செய்தது என்பதைத்தான் தேத்தண்ணிக் கடை வாதிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். முதல் ஆட்டத்தின் தொடக்க அணியில் என்சோ ஃபெர்னாண்டஸ், அலெக்சிஸ் மெக் அலிஸ்டர், ஜூலியன் ஆல்வாரெஸ் ஆகிய மூவருக்கும் இடமில்லை. டிசம்பர் 18 இறுதியாட்டத்தின் தொடக்க அணியில் மூவரும் இருந்தார்கள். சவூதியை 1-0 என்று எப்படியோ தட்டுத்தடுமாறி வென்றிருந்தால் பயிற்றுவிப்பாளர் லியோனல் ஸ்கலோனி அத்தனை சீக்கிரம் அணியை மாற்றியிருப்பாரா? சந்தேகம்தான்.

தமிழர்களுக்கு இன்னும் கிட்டிய கதை சென்னையின் எஃப்.சி.யுடையது. இந்தியன் சூப்பர் லீக்கின் முதல் தொடரில், 2014 ஒக்டோபர் 15 அன்று, சென்னை தன் தொடக்க ஆட்டத்தில் கோவாவை அவர்கள் மண்ணிலேயே 2-1 என வென்றது. லீக் சுற்றின் முடிவில் பட்டியலில் முதலிடமும் பிடித்தது. ஆனால் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் கொச்சியில் கேரளாவிடம் 0-3 எனச் சரிந்தது. சென்னையில் நடந்த இரண்டாவது ஆட்டத்தில் 90 நிமிடத்துக்குள் மூன்று கோலும் போட்டுச் சமன்செய்து, மேலதிக நேரத்தின் கடைசிக் கட்டத்தில் ஸ்டீபன் பியர்சன் போட்ட ஒற்றைக் கோலில் வெளியேறியது.

அடுத்த ஆண்டு தொடக்க ஆட்டமே தோல்வி: சொந்த மைதானத்தில் கொல்கத்தாவிடம் 2-3. தொடரின் நடுவில் பட்டியலின் அடிக்கே போனார்கள். அங்கிருந்து எழுந்து வந்தார்கள். சென்னை வெள்ளத்தால் அரையிறுதியின் உள்ளூர் ஆட்டத்தைப் புனேயில் ஆட வேண்டியிருந்தும் 3-0 என வென்றார்கள். 2015 டிசம்பர் 20 இறுதியாட்டத்தில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் விழ, கோவாவை 3-2 என வென்று கிண்ணத்தைத் தூக்கினார்கள். 2017-18 தொடரும் அப்படியே தொடங்கியது. சொந்த மைதானத்தில் கோவாவிடம் 2-3. அந்த அணி 2018 மார்ச் 17 அன்று பெங்களூரு அணியை அதன் மைதானத்திலேயே 3-2 என வென்று இரண்டாவது கிண்ணத்தைப் பெற்றது. வென்று தொடங்கிய ஆண்டில் கிண்ணம் இல்லை; 2-3 எனத் தோற்றுத் தொடங்கிய இரண்டு ஆண்டுகளிலும் 3-2 என வென்று கிண்ணம்.

முதல் ஆட்டத்தில் தோற்றால் ராசி என்று இதைப் படிக்கக் கூடாது. முதல் ஆட்டத்தில் எது தெரிந்ததோ அதைத் திருத்த நேரமும் மனமும் இருந்தன என்பதே இதில் உள்ள சேதி. 2017இல் கோவாவிடம் இடைவேளைக்குள் மூன்று கோல் வாங்கிய சென்னை, இரண்டாம் பாதியில் இரண்டைத் திருப்பிக் கொடுத்திருந்தது. அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்த கூர்மையான ரசிகர் ஒருவர் ‘முதல் பாதி மோசம், ஆனா இந்த அணி படுத்துக்கிடக்கிற அணி இல்ல’ என்று சொல்லியிருக்க முடியும். சொல்லியிருந்தால் சரியாகவே சொல்லியிருப்பார்.

அமெரிக்காவில் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அவர்களுடைய ஃபுட்போலில், பல்கலைக்கழக அணிகளுக்கு இருக்கும் கூட்டம் நம்ப முடியாதது. மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். அங்கேயும் முதல் வார வெற்றிக்குப் பிறகுதான் சண்டை சூடுபிடிக்கும். நோட்ர டாம் பல்கலைக்கழகம் 2024 தொடரைப் பலமான டெக்சஸ் ஏ அன்ட் எம் அணியை அதன் மைதானத்தில் 23-13 என வென்று தொடங்கியது. அடுத்த வாரம் சொந்த மைதானத்தில், யாரும் பொருட்படுத்தாத நோர்தர்ன் இலினோய்ஸ் அணியிடம் 14-16 எனத் தோற்றது. பிறகு தொடர்ச்சியாக 13 ஆட்டங்களை வென்று 2025 ஜனவரியில் தேசிய இறுதியாட்டம் வரை போய் ஒஹாயோ ஸ்டேட்டிடம் தோற்றது. முதல் வாரப் புகழும் இரண்டாம் வார ஏச்சும் இரண்டுமே அந்த அணியை அளக்கவில்லை.

இலங்கையில் இப்படிப்பட்ட கல்லூரிக் காய்ச்சலுக்குப் பேர்போனது றகர். 1906இல் கண்டி கிங்ஸ்வூட் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதியதுதான் இந்நாட்டின் முதல் பாடசாலை றகர் ஆட்டம். கொழும்பு றோயல் கல்லூரிக்கும் திரித்துவக் கல்லூரிக்கும் இடையிலான பிரட்பி கேடயம் 1945இல் தொடங்கியது. றோயல் அதிபராக இருந்த ஈ. எல். பிரட்பி கொடுத்த கேடயம் அது. அந்தப் போட்டியை அமைத்த விதம் ரசிகர் வாதத்துக்கென்றே செய்தது போல இருக்கிறது. ஒரு ஆட்டம் கொழும்பில், ஒன்று கண்டியில். இரண்டிலும் பெற்ற புள்ளிகளைக் கூட்டித்தான் கேடயம் யாருக்கு என்று தீர்ப்பு. முதல் ஆட்டத்தை வென்ற பக்கம் அடுத்த ஆட்டம்வரை ஒரே கணக்கைத்தான் பேசும்: இந்த முன்னிலை போதுமா? ஒரு ட்ரைக்கு ஐந்து, அதைத் தொடர்ந்த உதைக்கு இரண்டு. ஆகவே ஏழு புள்ளி முன்னிலை என்பது எதிரணியின் ஒரே ஓட்டத்தில் கரைந்துபோகும். ‘ஜெயித்தோம்’ என்பதோடு நிறுத்தாமல் ‘எவ்வளவால், எப்படி’ என்று கேட்கும் பழக்கத்தை அந்த ஏற்பாடு பல தலைமுறைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

வலப்பனைப் பக்கத்து அணிகளுக்கு வரும்போது, ரசிகர்கள் அடிக்கடி பேசாமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. மைதானத்தின் அளவு. விளையாட்டு விதிப்படி உதைபந்தாட்ட மைதானம் 90 முதல் 120 மீற்றர் நீளமும் 45 முதல் 90 மீற்றர் அகலமும் இருக்கலாம். மிகச் சிறியதும் மிகப் பெரியதும் ஒரே விதிக்குள் அடங்கும். ஆனால் இரண்டிலும் ஆடுவது ஒரே ஆட்டமல்ல. மலையை வெட்டிச் சமப்படுத்திய தோட்டத்து மைதானங்கள் பல, அந்தக் குறைந்த அளவைத் தொடுவதற்கே சிரமப்படுகின்றன. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் தேயிலைச் சரிவு. பந்து வெளியே போனால் கொழுந்துச் செடிக்குள் இறங்கித் தேட வேண்டும்.

அப்படிப்பட்ட இடத்தில் பழகிய பிள்ளைகள் நெருக்கத்தில் பந்தை அடக்குவதிலும் சட்டென்று திரும்புவதிலும் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். அகன்ற மைதானத்தில் போய் நின்றதும் இரண்டு ஓரங்களும் திறந்து கிடக்கும். நீளமான பாஸ் பழகியிருக்க மாட்டார்கள்; பின்களத்தில் ஒருவருக்கொருவர் விடும் இடைவெளி அதிகமாகிவிடும்; கடைசி இருபது நிமிடத்தில் கால் கனத்துப்போகும். ஆகவே சிறிய மைதானத்தில் கிடைத்த முதல் வெற்றியை வைத்து மாகாண மட்டத்தில் என்ன நடக்கும் என்று சொல்லவே முடியாது. ‘பெரிய கிரவுண்டுக்குப் போனா நம்ம பையன்களுக்கு மூச்சு வாங்கும்’ என்று கடையில் ஒருவர் சொன்னால் அவரைத் துரோகியாகப் பார்க்காதீர்கள். அன்றைய மாலையின் மிகப் பயனுள்ள பேச்சு அதுவாக இருக்கலாம்.

இதற்குப் பின்னால் வரலாறும் இருக்கிறது. மலையகத்தின் பேர்பெற்ற மைதானங்களான டிக்கோயா தரவளையும் நானுஓயாப் பக்கத்து ரதல்லவும் வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் கிளப்புகளுக்காக அமைத்துக்கொண்டவை. சமதளம் கிடைக்காத மலையில் கிடைத்ததெல்லாம் பெக்டரிக்கும் பங்களாவுக்கும் கிளப்புக்கும் போனது. லயத்துப் பிள்ளைகளுக்குச் சரிவுதான் மிச்சம். 2007 ஜனவரி மண்சரிவுகளைக் கண்ட வலப்பனையில், மலையை இன்னும் கொஞ்சம் வெட்டி மைதானத்தை அகலமாக்குங்கள் என்று யாரும் லேசாகச் சொல்லிவிடவும் முடியாது. இருக்கும் முழு அளவு மைதானங்களில் பாடசாலை அணிகளுக்குப் பயிற்சிக்கு நாள் ஒதுக்கிக் கொடுப்பது ஒன்றே உடனே நடக்கக்கூடியது.

முதல் ஆட்டத்தில் எதைப் பார்ப்பது? விழுந்த கோலை எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள். விழாத கோலைப் பார்க்க வேண்டும். தண்டப் பெட்டிக்குள்ளிருந்து எத்தனை தடவை உதைத்தோம், வெளியே தூரத்திலிருந்து எத்தனை தடவை உதைத்தோம், எதிரணிக்கு அதே கணக்கு என்ன? தண்ட உதை நான்கில் ஏறக்குறைய மூன்று கோலாகும். முப்பது மீற்றரிலிருந்து அடிக்கும் பந்து எப்போதாவது ஒன்றுதான் உள்ளே போகும். பெரிய கழகங்கள் கணினி வைத்துச் செய்கிற இந்தக் கணக்கின் எளிய வடிவத்தைப் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு பயிற்சிக் கொப்பியில் கோடு போட்டே செய்துவிடலாம். மூலை உதை வரும்போதெல்லாம் நம் பின்களம் தடுமாறியதா, மாற்று வீரர் இறங்கியபின் ஆட்டம் ஏறியதா இறங்கியதா என்பதையும் அதே கொப்பியில் குறிக்கலாம். மறுநாள் காலை அந்தக் கொப்பியை சேரிடம் கொடுத்தால், கடையில் நான்கு மணி நேரம் கத்தியதைவிட அணிக்கு அதிகம் உதவும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ரசிகர்கள் கொஞ்சம் நிதானம் பழக வேண்டும். ஆர்ஜென்டினாவின் பின்கள வீரர் நம் ஏச்சைக் கேட்கப் போவதில்லை. பாடசாலை அணியின் பின்கள வீரனுக்குப் பதினாறு, பதினேழு வயது. எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எந்த லயம் என்று எல்லாருக்கும் தெரியும். ‘அவனாலதான் அந்தக் கோல் விழுந்துச்சு’ என்று கடையில் சொன்னது விடிவதற்குள் அவன் அம்மா கொழுந்து பறிக்கும் மலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். இடது பக்கம் திறந்து கிடந்தது என்று சொல்லலாம். யார் திறந்துவிட்டார் என்று பெயர் சொல்லி ஏச வேண்டியதில்லை. அதைத் திருத்துவது சேரின் வேலை. அந்தப் பிள்ளை அடுத்த வாரம் பயிற்சிக்கு வராமல் போனால் இழப்பு அணிக்குத்தான்.

வலய மட்டத்தில் வென்றால் மாகாணம், அங்கே வென்றால் அகில இலங்கை. ஒவ்வொரு படியிலும் மைதானம் அகலமாகிக்கொண்டே போகும். கூட வருகிற சொந்த ஊர்க் கூட்டம் குறைந்துகொண்டே போகும். வீட்டுப் பக்கத்தில் நடந்த முதல் ஆட்டத்துக்கு நூற்றுக்கணக்கில் வந்தவர்களில் பாதிப் பேராவது, ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஒரு பஸ் பிடித்து, அடுத்த ஆட்டத்துக்கும் போக வேண்டும். அந்தக் கொப்பியையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.