நீரில் மூழ்கிய சம்பா நெல்: மடக்கி உழும் முன் ஒரு வாரம் பொறுங்கள்

டெல்டா விவசாயிகளுக்கு ஐப்பசி, கார்த்திகை என்றாலே வயிற்றில் நெருப்புதான். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், சுற்றுவட்டார வயல்கள் கடல் போல் கிடந்ததையும் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

அப்படி ஒரு மழைக்குப் பிறகு ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒன்பது நாள் மூழ்கிக் கிடந்த வயலில் அப்போதுதான் தண்ணீர் வடிந்திருந்தது. சேறு படிந்த இலைகள், அழுகல் வாடை. "பயிர் போச்சு சார். நாளைக்கு டிராக்டர் வருது, மடக்கி உழுதுட்டு மறுபடி விதைக்கப் போறேன்" என்றார் அந்தப் பெரியவர். என்ன ரகம் என்று கேட்டேன். "சிஆர் 1009 சப்-1" என்றார். நாலைந்து குத்துகளைப் பிடுங்கிப் பார்த்தோம். மேலே இலை கருகியிருந்தாலும் அடித்தண்டு கெட்டியாக இருந்தது. "ஐயா, ஒரு வாரம் பொறுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆறாம் நாள் போன் வந்தது: "குருத்து விட்டிருக்கு சார்!"

அந்த ஒரு வாரப் பொறுமை ஏன் தேவை என்பதற்குப் பின்னால், நெல் ஆராய்ச்சியின் பெரிய கண்டுபிடிப்பு ஒன்று இருக்கிறது.

சாதாரண நெல் ஏன் சாகிறது?

நெல் தண்ணீரில் நிற்கும் பயிர்தான். ஆனால் முழுவதும் மூழ்கினால் காற்றும் வெளிச்சமும் குறைந்துவிடும். பயிர் தானே உண்டாக்கும் எத்திலீன் என்ற வாயு வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கும். பழத்தைப் பழுக்க வைக்கிறதே, அதே எத்திலீன்தான். அது தங்கியதும் பயிர் தண்ணீருக்கு மேல் தலை நீட்ட வேகமாக உயரும். அதற்காகத் தண்டிலும் இலையுறையிலும் சேர்த்து வைத்த மாவுச்சத்தை எல்லாம் செலவழித்துவிடும். ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் வடியும்போது பயிர் நெட்டையாக, வெளிறி, நிற்கத் தெம்பில்லாமல் சாய்ந்து மடிகிறது.

சும்மா இருந்து பிழைக்கும் நெல்

ஒடிசாவின் நாட்டு நெல் ஒன்றிலிருந்து தேர்வு செய்யப்பட்ட எஃப்ஆர் 13ஏ என்ற ரகம் மட்டும் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைத்தது. ஆனால் மகசூல் குறைவு. அதனால் விவசாயிகளிடம் பெரிதாகப் பரவவில்லை. அது எப்படிப் பிழைக்கிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்த விஞ்ஞானிகள், 2006-ல் அதற்குக் காரணமான மரபணுவைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். அதன் பெயர் சப்-1ஏ.

இந்த மரபணு உள்ள பயிர் மூழ்கியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. தலை நீட்ட முயல்வதில்லை. மாவுச்சத்தைச் செலவழிக்காமல் காப்பாற்றி வைக்கிறது. தண்ணீர் வடிந்ததும் அந்தச் சேமிப்பை வைத்துப் புதுக் குருத்து விடுகிறது. கஷ்ட காலத்தில் கையிருப்பைச் செலவு செய்யாமல் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிக் குடும்பம் நடத்துவது போலத்தான்.

இது மரபணு மாற்றுப் பயிரா?

கூட்டங்களில் தவறாமல் வரும் கேள்வி இது. இல்லை. நெல்லோடு நெல்லை ஒட்டுச் சேர்த்து உருவாக்கியதுதான். புதுமை எங்கே என்றால், தேர்வு செய்யும் முறையில். முன்பு ஒவ்வொரு தலைமுறையையும் வளர்த்து, மூழ்கடித்துப் பார்த்துத்தான் தேர்வு செய்ய வேண்டும். இப்போது நாற்றுப் பருவத்திலேயே ஒரு துண்டு இலையைச் சோதித்து, மரபணு வந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம். அப்படித் தேர்ந்த பயிரை மீண்டும் மீண்டும் தாய் ரகத்தோடு சேர்த்தால், மற்ற குணங்கள் எல்லாம் தாய் ரகத்தைப் போலவே இருக்கும். மூழ்கலைத் தாங்கும் குணம் மட்டும் கூடுதலாக வரும்.

இந்த முறையில் உருவான ஸ்வர்ணா சப்-1 இந்தியாவில் 2009-ல் வெளியானது. ஒடிசாவில் விவசாயிகளின் வயல்களிலேயே நடத்திய ஆய்வில், 10 நாள் மூழ்கிய இடங்களில் அது சாதாரண ஸ்வர்ணாவைவிட சுமார் 45 சதவீதம் அதிக மகசூல் தந்தது. மூழ்காத வயலில் மகசூல் குறையவும் இல்லை. அங்கே அடிக்கடி மூழ்கும் பள்ள நிலங்கள் பெரும்பாலும் பட்டியல் சாதி விவசாயிகளிடம் இருந்ததால், அவர்களுக்கே அதிகப் பலன் கிடைத்தது என்றும் அந்த ஆய்வு சொன்னது. நம் சம்பா பட்டத்துக்கு ஏற்ற சிஆர் 1009 சப்-1 ரகமும் இதே வழியில் வந்ததுதான்.

இது வீரிய ஒட்டு ரகம் அல்ல. கலப்பில்லாமல் அறுத்துக் காயவைத்தால் சொந்த விதையாகவும் எடுத்து வைக்கலாம்.

எங்கே கைகொடுக்காது?

'வெள்ளத்தால் அழியாத நெல்' என்று யாராவது சொல்லி விற்றால் நம்பாதீர்கள். இதற்கும் எல்லை உண்டு.

• தாங்குவது ஏறத்தாழ இரண்டு வாரம் வரை. தண்ணீர் கலங்கலாகவோ, வெயில் தெரியாத மூட்டமாகவோ இருந்தால் அதற்கு முன்பே பாதிப்பு வரும்.

• தூர் கட்டும் பருவத்தில்தான் முழுப் பலன். தொண்டைக் கதிர், பூக்கும் பருவத்தில் மூழ்கினால் இழப்பைத் தவிர்க்க முடியாது.

• நேரடி விதைப்பில், விதைத்த உடனே தண்ணீர் தேங்கினால் இந்த மரபணு உதவாது. நீருக்கடியில் முளைப்பது வேறு குணம்.

• பாதி உயரத்துக்குத் தண்ணீர் வாரக்கணக்கில் தேங்கும் நிலத்துக்கும், கடலோர உப்பு நிலத்துக்கும் இது தீர்வு அல்ல.

• சிஆர் 1009 ஐந்து மாதத்துக்கு மேல் வயதுள்ள மோட்டா ரகம். ஆகஸ்டில் விதைக்க முடிந்தால்தான் சரிப்படும். தாளடிக்கு ஏற்றதல்ல.

மழைக்கு முன் செய்ய வேண்டியவை

1. வேளாண் விரிவாக்க மையத்தில் சான்று விதை வாங்குங்கள். நீல அட்டையில் 'சப்-1' என்று இருக்கிறதா என்று பாருங்கள். நெல்லைக் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம்.

2. எல்லா நிலத்துக்கும் இந்த ரகம் வேண்டியதில்லை. வருஷா வருஷம் மூழ்கும் பள்ள வயலுக்கு முதலில் ஒதுக்குங்கள்.

3. இளம் நாற்றைவிட சுமார் 30 நாள் வயதான நாற்று நன்றாகத் தாங்கும்.

4. மணிச்சத்தை அடியுரமாகக் குறைவின்றி இடுங்கள். கனமழை எச்சரிக்கை வந்தால் யூரியா மேலுரத்தைத் தள்ளிப் போடுங்கள். தழைச்சத்து மிகுந்த பயிர் தண்ணீரில் சீக்கிரம் அழுகும்.

5. வடிகாலைப் புரட்டாசிக்குள் தூர்வாருங்கள். ரகம் எதுவானாலும் வடிகால்தான் முதல் காப்பு.

தண்ணீர் வடிந்த பின்

• உடனே வயலில் இறங்கி மிதிக்காதீர்கள். இலையில் படிந்த சேற்றோடு பயிர் தளர்ந்து நிற்கும் நேரம் அது.

• மூன்று நான்கு நாள் கழித்து, வயலின் பல இடங்களில் குத்துகளைப் பிடுங்கிப் பாருங்கள். அடித்தண்டை நசுக்கினால் கெட்டியாக, உள்ளே வெள்ளை அல்லது இளம்பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. கூழாக நசுங்கி நாற்றமடித்தால் அந்தக் குத்து போய்விட்டது.

• ஒரு வாரத்துக்குள் புதுக் குருத்து தெரிய வேண்டும். செத்துப்போன இடங்களில், தூர் அதிகமுள்ள குத்துகளைக் கலைத்து நட்டு நிரப்பலாம்.

• குருத்து விடத் தொடங்கியதும் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். அதற்கு முன் தண்ணீரை நன்றாக வடித்துவிடுங்கள்.

• இலை வெளிறியிருந்தால் 2 கிலோ யூரியாவுடன் 1 கிலோ துத்தநாக சல்பேட்டை 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கலாம்.

• பாதிப்பைப் படம் எடுத்து வைத்து, உதவி வேளாண் அலுவலரிடமும் கிராம நிர்வாக அலுவலரிடமும் தெரிவியுங்கள். ரகம் நல்லது என்பதற்காகப் பயிர்க் காப்பீடு கட்டாமல் இருந்துவிட வேண்டாம்.

வடிந்த வயலைப் பார்க்கும்போது மனசு தாங்காது. பக்கத்து வயலில் டிராக்டர் ஓடினால் நமக்கும் அவசரம் வந்துவிடும். ஆனால் மடக்கி உழுதால் விதை, நாற்று, நடவுக் கூலி எல்லாம் இன்னொரு முறை. மறு விதைப்புக்கு அந்த நேரத்தில் குறுகிய வயது ரகம்தான் கிடைக்கும். பருவமும் தள்ளிப் போகும். மூழ்கிய நெல் குட்டையாக, அசையாமல் நிற்பதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். சப்-1 ரகம் அப்படி நின்றுதான் பிழைக்கிறது. குத்தைப் பிடுங்கி, தண்டை நசுக்கிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு டிராக்டருக்குச் சொல்லுங்கள்.