நாலாவது கொடிக்கு ஏன் படம் இல்லை?

சில வருஷம் முன்னாடி ஒரு பிரிட்டிஷ் வாடிக்கையாளருக்காக ஒரு சின்ன வேலை. பதிவுப் படிவத்தில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து என்று நாலையும் தனித்தனியாகக் காட்டணும், பக்கத்திலேயே கொடி எமோஜி வரணும். அரை மணி நேர வேலைன்னு நினைச்சுதான் உட்கார்ந்தேன். மூணு கொடி அழகா வந்துருச்சு. வட அயர்லாந்துக்கு மட்டும் வெறும் கறுப்புக்கொடி. நம்மூரில் கறுப்புக்கொடி காட்டினால் என்ன அர்த்தம்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஃபான்ட் பிரச்சினைதான் என்று முடிவு பண்ணி, இணையத்தில் தேடி முதலில் கிடைத்த படத்தை எடுத்துப் போட்டேன். வெள்ளைத் துணியில் சிவப்புக் கூட்டல் குறி, நடுவில் ஆறுமுனை நட்சத்திரம், அதற்குள் ஒரு சிவப்புக் கை, மேலே கிரீடம். அடுத்த நாள் வாடிக்கையாளர் பக்கம் இருந்த பெல்ஃபாஸ்ட்காரர் ஒருவரிடமிருந்து ஒரே வரிப் பதில்: தயவுசெய்து இதைப் போட வேண்டாம். காரணம் எதுவும் எழுதவில்லை. அந்த ஒரு வரிதான் என்னை இந்தப் பக்கம் இழுத்து விட்டது.

முதலில் எமோஜி கதை. பிரிட்டனின் பொதுக் கொடிக்கு ஜி, பி என்ற இரண்டே குறியீடுகள் போதும். உள்நாட்டுக் கொடிகளுக்கு வேறு வழி. ஒரு கறுப்புக்கொடி எழுத்து, அதன் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஐந்து எழுத்துகள், கடைசியில் ஒரு முடிவுக்குறி, ஆக மொத்தம் ஏழு. அந்த ஏழையும் சேர்த்துப் படிக்கத் தெரிந்த கருவி உரிய கொடியை வரையும், தெரியாதது முதல் எழுத்தான கறுப்புக்கொடியை மட்டும் காட்டும். 2017-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றும் பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தன. வட அயர்லாந்து சேரவில்லை. அதற்கான குறியீட்டை எழுதலாம், இலக்கணப்படி தப்பும் இல்லை. ஆனால் வரைவதற்கு எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரு படம் இல்லை. ஆக, நான் பார்த்தது பிழையே இல்லை.

இதைப் புரிந்துகொள்ள யூனியன் கொடியிலிருந்து தொடங்கணும். 1603-இல் ஸ்காட்லாந்து அரசர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானார். இரண்டு நாட்டுக் கப்பல்களுக்கும் பொதுவான கொடி வேணும் என்று 1606-இல் ஆணை போட்டார். இங்கிலாந்துடையது புனித ஜார்ஜின் சிலுவை: வெள்ளையில் சிவப்புக் கூட்டல் குறி. (நம்ம சென்னைக் கோட்டைக்குப் பேர் கொடுத்த அதே ஜார்ஜ்தான்.) ஸ்காட்லாந்துடையது புனித ஆண்ட்ரூவின் சிலுவை: நீலத்தில் வெள்ளைப் பெருக்கல் குறி. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்கள். எது மேலே? அங்கேயே சண்டை தொடங்கிவிட்டது. இங்கிலாந்துக் கூட்டல் எங்கள் பெருக்கலை வெட்டிக்கொண்டு போகிறதே என்று ஸ்காட்லாந்துக் கப்பல்காரர்கள் அரசரிடம் முறையிட்டார்கள். பெருக்கலை மேலே போட்ட இன்னொரு வடிவமும் ஸ்காட்லாந்தில் புழங்கியது.

1801-இல் அயர்லாந்தும் இணைக்கப்பட்டபோது, புனித பேட்ரிக்கின் பெயரில் வெள்ளையில் சிவப்புப் பெருக்கல் ஒன்று வந்து சேர்ந்தது. இப்போது இரண்டு பெருக்கல், இடமோ ஒன்று. நடுவில் வைத்தால் ஸ்காட்லாந்தின் வெள்ளை வெறும் கரை மாதிரி ஆகிவிடும். அதனால் சிவப்பை ஒல்லியாக்கிக் கொஞ்சம் ஒதுக்கி வைத்தார்கள். கம்பத்தை ஒட்டிய பாதியில் அகல வெள்ளை மேலே, சிவப்பு கீழே. மறு பாதியில் சிவப்பு மேலே, வெள்ளை கீழே. கம்பத்தை ஒட்டிய மேல்பக்கம்தான் கொடியில் மரியாதையான இடம், அது மூத்த கூட்டாளியான ஸ்காட்லாந்துக்குப் போனது.

கொடி தலைகீழா பறக்குதா என்று கண்டுபிடிக்கவும் இதுதான் வழி. கம்பத்துக்குப் பக்கத்தில் மேல் மூலையில் அகல வெள்ளை மேலே இருந்தால் சரி. பிரிட்டிஷ்காரர்களே இதில் அடிக்கடி கோட்டை விடுகிறார்கள். ஒரு வேடிக்கை: திரையில் அந்தப் படத்தை 180 டிகிரி சுழற்றினால் அச்சு அசலாக அதே கொடிதான் வரும். துணியில் கயிறு கட்டும் பக்கம் ஒன்றுதான் என்பதால், மேல் கீழாக மாட்டினால் கண்ணாடியில் பார்த்த மாதிரி ஆகிவிடும். தப்பு துணிக்கு மட்டும்தான்.

வேல்ஸ் இதில் எங்கே? எங்கேயும் இல்லை. 1535, 1542 சட்டங்களால் அது ஏற்கெனவே இங்கிலாந்து அரசுக்குள் கரைக்கப்பட்டுவிட்டதால், 1606-இல் அதைத் தனியாக யாரும் எண்ணவில்லை. அரசரின் சொந்தக் கொடியைப் பாருங்கள்: இங்கிலாந்தின் மூன்று சிங்கங்கள் இரண்டு கட்டத்தில், ஸ்காட்லாந்துச் சிங்கம் ஒன்றில், அயர்லாந்து யாழ் ஒன்றில். அதிலும் வேல்ஸ் கிடையாது. ஆனா வேல்ஸ்காரர்களுக்கு வெள்ளை பச்சைத் துணிமேல் சிவப்பு டிராகன் இருக்கு. 1959-இல் அதிகாரபூர்வமானது. எந்தச் சச்சரவும் இல்லை, எல்லாரும் தூக்கிப் பிடிக்கிறார்கள். பொதுக் கொடியில் இடமில்லாதவர்களுக்குச் சொந்தக் கொடி உறுதியாக இருக்கிறது. பொதுக் கொடியில் கோடு இருக்கிற அயர்லாந்துப் பக்கத்தில்தான் சொந்தக் கொடி தகராறு.

இவ்வளவு கணக்குப் பார்த்த கொடியைத் தேசியக்கொடி என்று அறிவிக்கும் பாராளுமன்றச் சட்டம் எதுவும் கிடையாது. 1908-இல் பிரபுக்கள் சபையில் அரசு ஒத்துக்கொண்ட ஒரு பதில், அப்புறம் பழக்கம், அவ்வளவே. வீட்டில் ஏற்றுவதற்கு இங்கிலாந்தில் இருக்கும் விதி எந்தத் துறையில் வருகிறது தெரியுமா? விளம்பரப் பலகை விதிகளில்! எந்த நாட்டுத் தேசியக்கொடிக்கும் அனுமதி வேண்டாம், மாவட்டக் கொடிகளுக்கு அந்தச் சலுகை 2012-இல்தான் விரிவாக வந்தது.

பழக்கம் எவ்வளவு அழுத்தமானது என்பதற்கு 1997-ஐச் சொல்லலாம். பக்கிங்காம் அரண்மனையில் அதுவரை அரசியின் கொடி மட்டுமே, அதுவும் அவர் உள்ளே இருந்தால் மட்டுமே பறக்கும். டயானா இறந்தபோது அரசி ஸ்காட்லாந்தில் இருந்ததால் கம்பம் மொட்டையாக நின்றது. மக்களுக்கு வந்தது பாருங்க கோபம்! அரசக்கொடி அரைக்கம்பத்தில் எப்போதும் பறக்காது, அரியணை ஒரு நொடியும் காலியாக இருப்பதில்லை என்பது அவர்கள் கணக்கு. கடைசியில் இறுதிச்சடங்கு நாளில் யூனியன் கொடியை அரைக்கம்பத்தில் ஏற்றினார்கள். அன்றிலிருந்து அரசர் இல்லாத நாட்களில் யூனியன் கொடி என்பது வழக்கமாகிவிட்டது.

சட்டம் இருக்கிற ஒரே இடம் வட அயர்லாந்து. அரசுக் கட்டடங்களில் எந்தெந்த நாளில் கொடி ஏற்றலாம் என்று 2000-இல் தனி விதிமுறையே போட்டார்கள். 2021-இல் பிரிட்டனின் மற்ற பகுதிகளில் இருக்கும் மத்திய அரசுக் கட்டடங்களில் வருஷம் முழுக்கக் கொடி பறக்கட்டும் என்று வழிகாட்டுதல் வந்தபோதும் வட அயர்லாந்துக்கு விலக்கு.

நான் போட்ட சிவப்புக் கைக் கொடி 1953-இலிருந்து அங்கிருந்த ஸ்டோர்மான்ட் அரசின் கொடி. பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்டுகளே தொடர்ந்து ஆண்ட அரசு அது. 1970-களின் தொடக்கத்தில் கலவரங்களுக்கு நடுவே அந்த அரசு கலைக்கப்பட்டது, கொடியின் அரசு அந்தஸ்தும் கூடவே போனது. கால்பந்திலும் காமன்வெல்த் போட்டியிலும் இன்றும் அதைப் பார்க்கலாம். ஆனால் ஐரிஷ் தேசியவாதிகளுக்கு அது தங்களை ஒதுக்கி வைத்த ஆட்சியின் அடையாளம். அவர்கள் பிடிப்பது பச்சை வெள்ளை ஆரஞ்சு மூவர்ணம். சில தெருக்களில் நடைபாதை ஓரக் கல்லுக்குக்கூட இந்த நிறமா அந்த நிறமா என்று பெயின்ட் அடித்திருப்பார்கள். வழி தவறி வருகிறவருக்கு, யார் பகுதி என்று கல்லே சொல்லிவிடும்.

பெல்ஃபாஸ்ட் நகரமன்றக் கட்டடத்தில் 1906 முதல் தினமும் யூனியன் கொடி பறந்துகொண்டிருந்தது. 2012 டிசம்பர் 3 அன்று, இனி வருஷத்தில் 18 குறிப்பிட்ட நாட்களில் மட்டும் ஏற்றலாம் என்று 29-க்கு 21 என்ற கணக்கில் முடிவானது. தேசியவாதிகள் கேட்டது கொடியே வேண்டாம் என்பது. நடுவில் நின்ற அலையன்ஸ் கட்சி கொண்டுவந்த சமரசம்தான் இந்த 18 நாள். பல மாதம் மறியல், கல்வீச்சு, தீவைப்பு. காயம்பட்ட போலீஸ்காரர்கள் பலர். அதிகம் அடிவாங்கியது சமரசம் பேசிய அலையன்ஸ் கட்சியின் அலுவலகங்கள்தான்.

இதெல்லாம் படித்து முடித்தபோது எனக்கு லேசாக வியர்த்துவிட்டது. நான் போட்ட படம் பதினாறு பிக்சல் உயரம். அந்தப் படிவத்தை நிரப்பப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு, நாங்கள் எந்தப் பக்கம் என்று அது அறிவித்திருக்கும்.

யூனியன் கொடியைப் போடலாமே என்றார் எங்கள் மேலாளர். அதுவும் ஒரு பக்கம்தான் சார் என்றேன். வட அயர்லாந்தை மட்டும் கொடியில்லாமல் விட்டாலும் கேள்வி வரும். கடைசியில் நாலு கொடியையும் எடுத்துவிட்டு, பேர்களை மட்டும் அகரவரிசையில் போட்டு அனுப்பினேன். பெல்ஃபாஸ்ட்காரரிடமிருந்து இந்த முறையும் ஒரே வார்த்தைதான் வந்தது: நன்றி.