துண்டுத் துணியும் ஒட்டுப் போர்வையும்

தையற்கடைகளில் மிஞ்சும் துண்டுத் துணிகளைச் சதுரமாக இணைத்துப் போர்வை தைக்கலாம் என்பதை அறியாதார் இலர். ஆயினும் ஒருவர் தம் வீட்டிற்குத் தைப்பது வேறு. சங்க அங்கத்தினர் பத்துப் பேர் தத்தம் வீட்டில் தைத்த சதுரங்களை ஒரே போர்வையாகச் சேர்ப்பது வேறு. அளவு ஒவ்வாவிடில் பத்துப் பேருடைய உழைப்பும் வீணாகும்.

சிதம்பரத்துத் தேர்களில் தொங்கும் தொம்பைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் நிறத் துணிகளை வெட்டி அடித்துணியின் மேல் வைத்துத் தைப்பர். சிறிது பிசகினாலும் அடித்துணி தாங்கிக்கொள்ளும். போர்வைச் சதுரத்திலோ விளிம்போடு விளிம்பு சேர்வதால் பிழையை மறைக்க இடமில்லை.

கணக்கைக் கவனியுங்கள். மூன்றரை அங்குலத் துண்டுகள் ஒன்பதை, வரிசைக்கு மூன்றாக, இரண்டு நூல் (கால் அங்குலம்) உள்ளே தையலிட்டுச் சேர்த்தால் 9½ அங்குலச் சதுரம் கிடைக்கும். ஓர் அங்கத்தினர் அரை நூல் மட்டும் கூடுதலாக உள்ளே தைத்தால் தையல் ஒவ்வொன்றிலும் ஒரு நூல் குறையும். சதுரம் 9¼ அங்குலமாகும். மற்றொருவர் அரை நூல் குறைத்துத் தைத்தால் அது 9¾ ஆகும். இவ்விரண்டிற்கும் வேற்றுமை அரை அங்குலம்! குற்றம் இருவருடையதுமன்று, பொது அளவு இல்லாமையே.

ஆதலால் சங்கம் தகரத்தில் ஒரே அளவாகத் தகடுகள் வெட்டி அனைவருக்கும் வழங்குதல் வேண்டும். துணி அளவு நாடா நாளடைவில் நீளும். இரும்பு அளவுகோலே நம்பத்தக்கது. முன் வெட்டிய துண்டை வைத்து அடுத்ததை வெட்டலாகாது. பிழை பெருகிக்கொண்டே போகும். தையல் இயந்திரத்தில் ஊசியிலிருந்து இரண்டு நூல் தள்ளிக் காகிதப் பட்டை ஒட்டி, துணி விளிம்பை அதனோடு ஒட்டியே செலுத்துக.

வெட்டுமுன் துணியை நனைத்து உலர்த்துதல் அவசியம். புதுப் பருத்தி சுருங்கும், பாலியெஸ்டர் கலந்த சீருடைத் துணி அவ்வளவு சுருங்காது. இரண்டையும் நனையாமல் சேர்த்தால் முதற் சலவையிலேயே போர்வை முறுக்கிக்கொள்ளும். தகட்டின் விளிம்பு பாவு நூலுக்கு நேராக இருக்கட்டும். குறுக்காக வெட்டிய விளிம்பு இழுபடும். குறிஞ்சிப்பாடிக் கைத்தறிக் கைலித் துண்டுகளில் கோடுகள் வழிகாட்டும் என்பது மெய்யே. ஆனால் கைத்தறியில் ஊடை நெருக்கம் இடத்திற்கிடம் மாறுமாதலால், கட்டங்களை எண்ணி அளவு கொள்ளற்க.

வேலை தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஒன்றரை அங்குலப் பட்டைகள் மூன்றைச் சேர்த்துத் தைத்து, நடுப்பட்டையை அளக்கட்டும். சரியாக ஓர் அங்குலம் இருந்தால் சதுரம் தைக்கத் தொடங்கலாம். தைத்தபின் இஸ்திரிப் பெட்டியை இழுத்துத் தேய்க்காமல், வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். அளவு குறைந்த சதுரத்தை இழுத்துப் பொருத்த முயலாதீர்கள். அத்தகையவற்றைத் தனியே சேர்த்துவைத்தால் தலையணை உறைக்கு ஆகும்.