கியர் வண்டியா, ஆட்டோமேட்டிக்கா? ராஜபாளையம் சாலை சொல்லும் பதில்!

'கியர் மாத்தாம ஓட்டுறதெல்லாம் ஒரு ஓட்டா?' என்பார் ஒருவர். 'முட்டி வலிச்சுப் பாரு, அப்ப தெரியும்!' என்பார் இன்னொருவர். கார் பிரியர்கள் நாலு பேர் கூடும் எந்த டீக்கடையிலும் முடிவுக்கு வராத சண்டை இது. ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கார் வாங்கப்போகும் குடும்பத்துக்கோ இது வெறும் அரட்டை இல்லை. போடும் பணம், அப்பாவின் முழங்கால், மலையிறங்கும்போது பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகள்... எல்லாமே இந்த முடிவில் இருக்கின்றன.

பல குணம் கொண்ட ஒரே சாலை

திருமங்கலத்தில் தொடங்கி கொல்லம் வரை போகிறது தேசிய நெடுஞ்சாலை 744. ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து ராஜபாளையம் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். ஆனால் டவுன் பஸ், மில் வேன், டூவீலர், குறுக்கே வரும் ஆடு மாடு என எந்த கியரிலும் நிலையாக நிற்க விடாது. அதற்குத் தெற்கே சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி, கடையநல்லூர் என்று வரிசையாக ஊர்கள். செங்கோட்டை தாண்டினால் புளியரையின் எஸ் வளைவும், ஆரியங்காவு மலைப்பாதையும். சபரிமலைக்கும் கேரளாவுக்கும் போகும் நம்மூர் கார்களுக்குப் பழகிய வழி இது. ஊர் நெரிசல், நேர் ரோடு, மலையேற்றம் மூன்றும் ஒரே பயணத்தில் வந்துவிடும்.

ஆட்டோமேட்டிக் என்பது ஒன்றல்ல

2014-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அம்பாசடர் காரின் தயாரிப்பு நின்றது. அதே ஆண்டு மாருதி செலரியோ, ஏஎம்டி கியர்பாக்ஸோடு வந்தது. ஆட்டோமேட்டிக் என்றால் பணக்காரர் வண்டி என்ற எண்ணம் மாறத் தொடங்கியது அங்கேதான்.

ஏஎம்டி என்பது நம் பழைய மேனுவல் கியர்பாக்ஸேதான். கிளட்ச்சை மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. விலை குறைவு, மைலேஜும் மேனுவலுக்கு நெருக்கமாகவே கிடைக்கும். ஆனால் கியர் மாறும்போது லேசாகத் தலையாட்டும்.

சிவிடி-யில் படிப்படியான கியர் கிடையாது. இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடும் பெல்ட்தான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிறது. ஊருக்குள் வெண்ணெய் மாதிரி போகும். வேகமாக முந்த நினைத்து மிதித்தால், முதலில் இன்ஜின் சத்தம் வரும், வேகம் பிறகுதான் வரும்.

டிசிடி-யில் இரண்டு கிளட்ச்கள். ஒன்று 1, 3, 5-ஐப் பார்த்துக்கொள்ளும், மற்றது 2, 4, 6-ஐ. கண் இமைக்கும் நேரத்தில் கியர் மாறும் என்பதால் வேகப் பிரியர்களின் செல்லப்பிள்ளை இது. டிரை கிளட்ச் வகையாக இருந்தால், ஊர்ந்து போகும் நெரிசலில் சூடேறும்.

டார்க் கன்வர்ட்டர் பழைய, நம்பகமான முறை. கிளட்ச்சுக்குப் பதிலாக ஆயில் வழியே சக்தி கடத்தப்படுகிறது. மைலேஜ் கொஞ்சம் குறையலாம். ஏற்றத்திலும் நெரிசலிலும் அலுங்காமல் போகும்.

எலெக்ட்ரிக் கார்கள் பெரும்பாலானவற்றில் ஒரே ஒரு கியர்தான், அதனால் இந்தச் சண்டையே அங்கே இல்லை.

பவரைப் பார்க்காதீர்கள், இழுவையைப் பாருங்கள்

'பழைய டீசல் ஸ்விஃப்ட் மாதிரி வருமா?' என்று பெருமூச்சு விடுபவர்கள் இன்னும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. அந்த 1.3 லிட்டர் டீசல் இன்ஜின் 2,000 ஆர்பிஎம்-மிலேயே 190 நியூட்டன் மீட்டர் டார்க் தந்தது. இப்போதைய ஸ்விஃப்ட்டின் 1.2 பெட்ரோல் இன்ஜின் 112 நியூட்டன் மீட்டர்தான் தருகிறது, அதுவும் 4,300 ஆர்பிஎம்-மில். ஐந்து பேர், லக்கேஜ், ஏசி சகிதம் மலையேறும்போது இந்த வித்தியாசம் புரியும். கியரைக் குறைத்து, இன்ஜினை உறும விட்டுத்தான் ஏற்ற வேண்டும். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபோது மாருதி டீசலை நிறுத்தியது. அந்த இடத்தை இப்போது டர்போ பெட்ரோல்கள் ஓரளவு நிரப்புகின்றன.

மலையில்தான் பாடம்

ஏற்றத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கும்போது, ஏஎம்டி வண்டியை ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தே நிறுத்தி வைப்பார்கள் சிலர். உள்ளே கிளட்ச் தேய்ந்து சூடாகும். பிரேக்கில் நிறுத்துங்கள். 'ஹில் ஹோல்ட்' வசதி இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

இறக்கம் இன்னும் முக்கியம். 'எந்த கியரில் ஏறினாயோ, அதே கியரில் இறங்கு' என்பது லாரி ஓட்டுநர்களின் பழைய பாடம். ஆட்டோமேட்டிக்குக்கும் அதே பாடம்தான். 'டி'-யில் போட்டுவிட்டு வழிநெடுகப் பிரேக்கை மிதித்தபடி இறங்கினால், பிரேக் சூடாகி, பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காமல் போகலாம். ஏஎம்டி-யில் 'எம்' நிலைக்கு மாற்றி கியரைக் குறையுங்கள். மற்றவற்றில் 'எல்' அல்லது மேனுவல் மோடு இருக்கும். வாங்கும் நாளிலேயே அதைக் காட்டச் சொல்லி, ஓட்டிப் பழகுங்கள்.

இன்னொன்று... கிளட்ச் பழக்கத்தில் இடது கால் தானாகப் பிரேக்கைத் தேடும். அதற்கு ஓய்வு கொடுங்கள். ஆக்ஸிலரேட்டர், பிரேக் இரண்டுக்கும் வலது கால் மட்டுமே.

அப்போ எதை வாங்குவது?

தினமும் ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்கும், முழங்கால் வலி உள்ளவருக்கும் ஆட்டோமேட்டிக் வரம். பட்ஜெட் சிறியது என்றால் ஏஎம்டி போதும். குடும்பத்தோடு அடிக்கடி மலையேறுபவர்கள், பணம் இடம் கொடுத்தால் டார்க் கன்வர்ட்டர் பக்கம் போகலாம். ஓட்டுவதே சந்தோஷம் என்பவரும், பத்து வருடம் சிக்கனமாக வைத்து ஓட்ட நினைப்பவரும் மேனுவலை எடுப்பதில் தவறே இல்லை. எதுவானாலும், டெஸ்ட் டிரைவை நேர் ரோட்டில் முடித்துவிடாதீர்கள். வீட்டில் எல்லோரையும் ஏற்றி, ஏசி போட்டு, நெரிசலில் ஒரு முறை, மேம்பால ஏற்றத்தில் நிறுத்தி எடுத்து ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். இழுப்பதற்கு ஊரே வரும். திருப்பத்தில் அதைச் சரியாக நிறுத்துவதற்குத்தான் பழகிய கை வேண்டும். காரும் அப்படித்தான். உங்கள் இடது காலுக்கு விடுமுறை கொடுக்கலாம், கவனத்துக்குக் கொடுக்க முடியாது!