வாசிக்கிறாள், விளங்கவில்லையே!

கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீடு. மஃரிப் தொழுகை முடிந்து, ஐந்தாம் ஆண்டில் படிக்கும் மகள் புத்தகத்தோடு உம்மாவின் பக்கத்தில் உட்காருகிறாள். தங்குதடையின்றி வாசிக்கிறாள்.

"மழை ஓய்ந்த மறுநாள் மகாவலி செம்மண் நிறத்தில் புரண்டோடியது. கரைக்கு வந்த பாகன் யானையை நீரில் இறக்காமல் திருப்பிக் கூட்டிச் சென்றான்."

"பாகன் ஏன் யானையை இறக்கவில்லை?" என்று உம்மா கேட்கிறார். மகள் பந்தியை மேலும் கீழும் தேடுகிறாள். "அது இதில இல்லையே, உம்மா!"

உண்மைதான். விடை ஒரு வசனமாக அங்கே இல்லை. மழை, தண்ணீரின் நிறம், அதன் வேகம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆறு பெருகியிருப்பது விளங்கும். வாய் வாசித்தது, மனம் வாசிக்கவில்லை.

இத்தகைய பிள்ளைகள் நம் வீடுகளில் அநேகர். எழுத்துக் கூட்டத் திணறாததால் குறை நம் கண்ணில் படுவதில்லை. புலமைப்பரிசில் பரீட்சையில் பந்தியைக் கொடுத்து வினாக் கேட்கும்போதும், கணிதத்தில் வசனக் கணக்கு வரும்போதும்தான் அது வெளிப்படுகிறது. பிறகு மனனம், ரியூஷன், ஏச்சு! பிள்ளையோ தான் மக்கு என்றே நம்பிவிடுகிறது.

1984ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பாலின்சார், பிரவுண் என்ற இரு ஆய்வாளர்கள், சரளமாக வாசித்தும் பொருள் விளங்காத ஏழாம் வகுப்பு மாணவர்களுக்கு நான்கு பழக்கங்களைப் பயிற்றுவித்தனர். ஏறத்தாழ இருபது நாட் பயிற்சியிலேயே நல்ல முன்னேற்றம் கண்டனர். அவற்றை வீட்டிலும் செய்யலாம்.

1. ஊகித்தல்: தலைப்பைப் பார்த்ததும், "இதில் என்ன வரப்போகிறது?" என்று கேளுங்கள்.

2. வினா எழுப்புதல்: வாசித்த பின் பிள்ளையே உங்களிடம் கேள்வி கேட்கட்டும். 'யார், எங்கே' என்பதோடு நில்லாமல் 'ஏன், எப்படி' என்றும் கேட்கப் பழக்குங்கள்.

3. தெளிதல்: விளங்காத சொல்லில் நிற்கச் சொல்லுங்கள். முன்பின் வசனங்களிலிருந்து பொருளைத் தேடட்டும். அகராதி பிறகு.

4. சுருக்கிச் சொல்லல்: புத்தகத்தை மூடிவிட்டு, இரண்டு வசனங்களில் தன் சொந்த வார்த்தையில் சொல்லட்டும்.

இதன் உயிர்நாடி முறை மாற்றிக்கொள்வதில் இருக்கிறது. இன்று நீங்கள் ஆசிரியை. நாளை பிள்ளை ஆசிரியை. "நான் அதிகம் படிக்காதவள்" என்று எந்தத் தாயும் ஒதுங்க வேண்டியதில்லை. உங்களுக்கு விளக்கிச் சொல்ல முயலும்போதுதான் பிள்ளைக்கே விளங்குகிறது.

கண்டியில் 1838இல் பிறந்த அறிஞர் சித்திலெவ்வை, 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி நம்மவர்களைக் கல்வியின்பால் அழைத்தார். பள்ளிக்கு அனுப்புவதோடு அந்த அழைப்புக்கான பதில் முடிந்துவிடுமா?

அந்த வீட்டு உம்மா ஏசவில்லை. "பெரிய மழைக்குப் பிறகு நம்ம பாலத்தில நின்று பார்த்தோமே, ஆறு எப்படி இருந்தது?" என்றார். மகளின் முகம் மலர்ந்தது.

"ஆ... தண்ணி இழுத்துக்கொண்டு போயிடும் என்று பாகன் பயந்திருப்பான், உம்மா!"

தாய்மார்களே, இன்றிரவு ஒரு பந்தி போதும்.